மூடி

நேற்று ராத்திரியும் யாரோ மூடியைத் திறந்திருக்கிறார்கள். காலையில் பார்த்தால் கண்ணாடியில் கைரேகை. கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. முட்டையே எழுந்து வெளியே பார்த்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டது போலிருக்கிறது.

கோடை விடுமுறையில் ‘குடும்பமாகச் சேர்ந்து ஏதாவது செய்வோம்’ என்று யார் ஆரம்பித்தாலும், அது கடைசியில் யார் தலையில் விடியும் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் வீட்டில் இந்த வருஷம் இன்குபேட்டர். முட்டையைத் திருப்ப முறை வைத்து, அட்டவணை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினோம். முதல் வாரம் யார் திருப்புவது என்று அடிதடி. இரண்டாம் வாரம் அட்டவணை முழுக்க என் பெயர்.

நாட்டுக்கோழி முட்டை விற்கிற விலையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். வருகிறேன். அதற்கு முன் இந்த மூடி.

கோழி முட்டை பொரிய 21 நாள். 18 நாள் வரை திருப்பலாம். அப்புறம் திருப்பவும் கூடாது, திறக்கவும் கூடாது. திறந்தால் உள்ளே ஈரம் குறைந்து, ஓட்டுக்குள் இருக்கிற சவ்வு காய்ந்து குஞ்சைப் பிடித்துக்கொள்ளும். இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். தலையாட்டிக்கொண்டே திறக்கிறார்கள். சின்னவள் குட்மார்னிங் சொல்லத் திறக்கிறாள். பெரியவன் போட்டோ எடுக்கத் திறக்கிறான். அந்த போட்டோவை வாட்ஸப்பில் பார்த்த மச்சான், “ஒண்ணு சாஞ்சிருக்கே” என்று சொல்ல, அதை நிமிர்த்த என் மனைவி திறக்கிறாள். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று இரும்பு ஆணி போட மாமியார் திறக்கிறார். ஆணி போட்டாயிற்றா என்று பார்க்க மாமனார் திறக்கிறார். கரண்ட் கணக்கெடுக்க வந்தவர், “உள்ள என்னங்க, கேக்கா?” என்று கேட்டுக்கொண்டே திறந்தார். கடையில் வாங்கின வெள்ளை முட்டை ரெண்டையும் சேர்த்து வைத்தால் என்ன என்று திறந்த சித்தப்பாவிடம், அது சேவல் முகமே பார்க்காத பண்ணைக் கோழி போட்டது என்று விளக்கி முடிப்பதற்குள் என் ஈரமெல்லாம் போய்விட்டது. இத்தனை பேர் திறந்ததைச் சரியாக மூடியிருக்கிறார்களா என்று பார்க்க நான் ஒருமுறை திறக்க வேண்டியிருக்கிறது.

என் பாட்டி கூடையில் வைக்கோலைப் பரப்பி அடைக்கோழியை உட்கார வைப்பாள். 37.5 டிகிரி என்று அதற்கு யாரும் பாடம் எடுத்ததில்லை. முட்டையை அதுவே அலகால் புரட்டிக்கொள்ளும். கரண்ட் போனால் அதற்கென்ன? எல்லாவற்றுக்கும் மேல், எட்டிப் பார்க்கப் போனவன் கையில் நச்சென்று ஒரு கொத்து. இத்தனை காசு கொடுத்து வாங்கிய பெட்டியில் அந்த ஒரு வசதியைத்தான் காணோம்.

இதற்குள் சின்னவள் எல்லா முட்டைக்கும் பெயர் வைத்துவிட்டாள். எல்லாம் பொட்டைப் பிள்ளை பெயர். ஏறக்குறைய பாதி சேவலாகத்தான் வரும் என்று சொன்னால் அழுகிறாள். மாடியிலிருந்து இறங்கி வந்த வீட்டுக்காரர், சேவல் எத்தனை மணிக்குக் கூவும் என்று கேட்டுவிட்டுப் போகிறார். வாடகை வீட்டில் இருக்கிறவன் அதற்கு என்ன பதில் சொல்ல?