கூலண்டுக்கு ஒரு நியாயம், குடலுக்கு ஒரு நியாயமா?

இன்னா பேராண்டி, படர்தாமரை போவலைன்னு டாக்டர மாத்தப் போறியாமே. மாத்து, மாத்து. ஸ்ரீபெரும்புதூர்ல டாக்டருக்கா பஞ்சம்? ஆனா மாத்துறதுக்கு முன்னாடி இந்தக் கெழவனுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. அவர் எழுதிக் குடுத்த இட்ராகோனசோல் கேப்சூல எப்போ முழுங்குன?

விடியக்காத்தால, ஒரகடம் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுற ஓட்டத்துல, வெறும் வயித்துல, கட்டங்காப்பியோட. தொப்பை எறங்கணும்னு டயட்டு வேற. ஏப்பம் வருதுன்னு கூடவே ஒரு கேஸ் மாத்திரை. சபாஷ்! சீட்டுல ‘சாப்பாட்டுக்குப் பிறகு’ன்னு எழுதியிருந்தத மரியாதைக்குப் போட்டதுன்னு நெனைச்சுக்கினியா?

அந்த மருந்துக்குத் தண்ணின்னா ஆவாது. வயித்துல சோறும் இருக்கணும், அமிலமும் இருக்கணும், அப்பதான் கொஞ்சமாவது கரையும். நீ சோத்தையும் நிறுத்திட்ட, அமிலத்தையும் மாத்திரை போட்டு அடக்கிட்ட. கரையாத மருந்து ரத்தத்துல எப்படிச் சேரும்? வந்த வழியே போவுது. காசக் கக்கூசுல போட்டுத் தண்ணி ஊத்திட்டு, டாக்டர் சரியில்லைங்கிற.

எனக்கு எப்படித் தெரியும்னு மொறைக்காத. உன் தாத்தன் கம்பவுண்டர்டா. அந்தக் காலத்துல மீனெண்ணெய அப்படியே குடுத்தா புள்ளைங்க மூஞ்சிலியே துப்பும். அதனால கல்வத்துல போட்டுக் கடைவோம். எண்ணெய் நாலு பங்கு, தண்ணி ரெண்டு பங்கு, கருவேலம் பிசின் தூள் ஒரு பங்கு. மொதல்ல எண்ணெயும் பிசினும். பொறவு தண்ணி, சொட்டுச் சொட்டா இல்ல, மொத்தமா ஒரே ஊத்து. ஒரே பக்கமா விடாம சுத்துனா கொஞ்ச நேரத்துல வெள்ளையாத் திரண்டு, கல்வத்துல சட்டுச் சட்டுன்னு ஒரு சத்தம் கேக்கும். அந்தச் சத்தம் வந்தாதான் எண்ணெய் நல்லாப் பொடிஞ்சு போச்சுன்னு அர்த்தம். வரலைன்னா கொட்டிட்டு மறுபடியும் ஆரம்பி.

எண்ணெய இப்படி ஏன் ஒடைக்கணும்? தண்ணில கரையாத மருந்து பல எண்ணெயில கரையும். ஆனா குடலுக்குள்ள பூராவும் தண்ணி. எண்ணெய் பெரிய துளியா மெதந்துக்கினு இருந்தா மருந்து அதுக்குள்ளியே குந்திக்கும். துளி பொடியாவப் பொடியாவ வெளிப்பரப்பு பெருவும், மருந்து சுலபமா வெளிய வரும், பித்தநீர் அதை ஏந்திக்கினு குடல் சுவருக்குக் கொண்டு போவும். நெய் விட்ட சோறு உள்ள போனா பித்தப்பை தானா சுருங்கிப் பித்தநீர ஊத்துது பாரு, உடம்பும் இந்தக் கடைசல் வேலையத்தான் செய்யுது. உன்னோட படர்தாமரைக்கே அந்தக் காலத்துல குடுத்த கிரிசியோஃபுல்வின் இருக்கே, அதையும் கொழுப்புள்ள சாப்பாட்டோட சாப்பிடச் சொன்னதுக்கு இதான் காரணம்.

ஒடனே போன எடுத்துக்கினு, ‘நம்ம முன்னோர் நெய்யில குழைச்சப்பவே நானோ மருத்துவம் கண்டுட்டாங்க’ன்னு குரூப்புல போட்டுடாத. சித்த வைத்தியர் நெய்யையும் வெண்ணெயையும் அனுபானமாக் குடுத்தது புத்திசாலித்தனம்தான், நான் ஒத்துக்கறேன். ஆனா குடுத்ததுல எவ்வளவு ரத்தத்துல சேந்துச்சுன்னு எந்த முன்னோர்டா அளந்தாரு? அளவுலதான்டா வம்பே.

கிட்னி மாத்துனவங்களுக்குக் குடுக்குற சைக்ளோஸ்போரின் கதைய கேளு. வேலூர் சி.எம்.சி.ல 1971-லியே கிட்னி மாத்துனாங்க, அப்போ இந்த மருந்து வரல. நார்வே பக்கம் லீவுக்குப் போன சாண்டோஸ் கம்பெனிக்காரர் ஒருத்தர் அள்ளிக்கினு வந்த மண்ணுல இருந்த பூஞ்சக்காளான்லேர்ந்து வந்தது அது. ஒரு பை மண்ணுலேர்ந்து அவங்களுக்கு மருந்து வந்துச்சு. நம்ம ஏரி மண்ண லாரி லாரியா அள்ளுனாங்களே, பிளாட்டுதான் வந்துச்சு.

1983-ல அமெரிக்காவுல அனுமதி கெடச்ச மொதல் சரக்கு ஆலிவ் எண்ணெயில கரைச்சது. சிரிஞ்சுல இழுத்து, கண்ணாடி டம்ளர்ல பாலோட கலக்கி ஒடனே குடிக்கணும். பிளாஸ்டிக் டம்ளர் கூடாது. டம்ளர அலசி அந்தத் தண்ணியையும் குடிக்கணும். இவ்வளவு பக்குவம் பாத்தும், ஈரல் மாத்துனவங்களுக்கு நூத்துல பத்து பங்குகூடச் சேரல, கிட்னி மாத்துன சிலருக்கு 89 பங்கு வரைக்கும் சேந்துச்சு. கொறஞ்சா ஒடம்பு புதுக் கிட்னியத் தள்ளிடும். கூடிப் போச்சுன்னா அந்த மருந்தே கிட்னியக் கெடுக்கும். டாக்டருங்க எந்தக் கணக்குலடா எழுதுவாங்க?

அதுக்குத்தான் 1990-கள்ல நியோரல்னு மாத்திக் கொண்டாந்தாங்க. மருந்து, எண்ணெய், எண்ணெயத் தண்ணியோட சேத்து வெக்கிற பொருள் எல்லாத்தையும் முன்கூட்டியே சேத்து ஒரு மெது கேப்சூலுக்குள்ள அடைச்சுட்டாங்க. வயித்துத் தண்ணி பட்டதும் தானாவே ஒடஞ்சு துளியாவும். நீ கம்பெனியில பத்து மைக்ரான் பிசகுனா பீஸ ரிஜெக்ட் பண்றவன். அந்தத் துளி 0.1 மைக்ரான்கூட இல்ல. ஆளுக்கு ஆள் இருந்த வித்தியாசமும் நல்லாக் கொறஞ்சுது. நம்ம நாட்டுல பனேசியா பயோடெக்கும் பனிமுன் பயோரல்னு இந்த வகைய வித்துச்சு. ஆனா பழசும் புதுசும் ஒண்ணுன்னு இஷ்டத்துக்கு மாத்தி முழுங்கக் கூடாது, உள்ள போற அளவே வேற.

கம்பெனிப் பேரு சொன்னா ‘நம்ம பக்கத்துலயும் மருந்து செஞ்சாங்களே’ம்ப. ஆமா, இருங்காட்டுக்கோட்டைல ஆர்கிட் கட்டுன ஊசி மருந்து பிளான்ட்டு 2010-ல ஹோஸ்பைரா கைக்குப் போய், 2015-ல ஃபைசர் கைக்கு வந்து, 2019-ல மூடுறோம்னு சொல்லிட்டாங்க. ஊசின்னா ரத்தத்துக்கு நேர் ரோடு. வாய் வழியா போறதுக்குத்தான் இத்தனை டோல்கேட்டு.

சரி, அந்த நியோரல் கேப்சூல் சரக்கு தானா எப்படி ஒடையும்னு வாயப் பொளக்காத. தெனம் உன் கையாலியே பண்றியே. மிஷினுக்கு ஊத்துற கூலண்ட் ஆயில் ட்ரம்முல தேன் நெறத்துல தெளிவாக் கெடக்கு. தண்ணில ஊத்துனதும் கடையாம, கல்வம் இல்லாம, வெள்ள வெளேர்னு ஆயிடுது இல்ல? அதே சூத்திரம்தான், அதுக்காக அதக் குடிச்சு வெக்காத! எண்ணெயத்தான் தண்ணில ஊத்தணும், தண்ணிய எண்ணெயில ஊத்தக் கூடாதுன்னு ஜூனியர் பசங்கள வெரட்டுற. ஷிஃப்டு ஆரம்பிச்சதும் ரிஃப்ராக்டோமீட்டர்ல ஒரு சொட்டு வெச்சு, வெளிச்சத்துல புடிச்சு, ஒத்தக் கண்ண மூடிக்கினு அளவு பாக்குற. கொறஞ்சா டூலு தேயும், ஜாப்பு துரு புடிக்கும்னு பதறுற. மிஷினுக்கு இவ்வளவு பத்தியம் பாக்குறவன் வயித்த மட்டும் தண்டச் சோத்துக் கணக்குல வெச்சிருக்க.

மெது கேப்சூலு குடுத்தா மே மாசத்துல பைக் டிக்கில போட்டுக்கினு சுத்தாத. ஜெலட்டின் தோலு, ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கும். அதுக்காக எல்லா மருந்துக்கும் நெய்ய ஊத்திக்கினும் வராத. இதே இட்ராகோனசோல் சிரப்பா வந்தா வெறும் வயித்துலதான் குடிக்கணும், அதோட தயாரிப்பு வேற. உன் கேஸ் மாத்திரைய இதோட சேக்கலாமா, எப்போ முழுங்கணும், எல்லாத்தையும் அந்த மருந்துக்கடைப் பொண்ணு சொல்லும், பி.ஃபார்ம் படிச்சது. தெனம் சாயங்காலம் ஒத்த ரூவா ஹால்ஸ் வாங்குற சாக்குல அரை மணி நேரம் அங்க நின்னு பேசுறியாமே, உங்க ஆயா சொன்னா. இதையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வா.