வந்து தொலைந்த ஆங்கிலம்

'ஆஃப்' தெரியாத ஆள் எங்கள் குருபரப்பள்ளி சிப்காட் பக்கம் கிடையாது. மோட்டார் ஆஃப், கரண்ட் ஆஃப், ஞாயிற்றுக்கிழமை வீக் ஆஃப். யாராவது மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தால் ஆளே ஆஃப். ஓசூர் போனால் கன்னடம், சூளகிரியில் தெலுங்கு என்று இலக்கணம் பார்க்காமல் ஓட்டுகிறவன் நான். இந்தத் துக்கடாச் சொல்லா நம்மைக் கவிழ்க்கும் என்றிருந்தேன்.

மெயின்டனன்ஸில் இருந்தபோது நைட் ஷிஃப்ட்டிலிருந்து ஒரு மெயில்: 'ஃபயர் அலாரம் வென்ட் ஆஃப்.' லைட் வென்ட் ஆஃப் என்றால் விளக்கு அணைந்தது; அப்போது அலாரமும் அணைந்ததுதானே? பேட்டரி போயிருக்கும், காலையில் மாற்றிவிடலாம் என்று பதில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். அங்கேயோ அலாரம் அலறி, மொத்த ஷிஃப்ட்டும் தூக்கக் கண்ணோடு அசெம்பிளி பாயிண்ட்டில் நின்றிருக்கிறது. நன்றாக இருந்த பேட்டரியைக் கழற்றி ஸ்டோர்ஸில் கொடுக்கும்போதுதான், 'வென்ட் ஆஃப்' என்றால் அடித்தது என்று தெரிந்தது. வெடிகுண்டு வென்ட் ஆஃப் என்றால் வெடித்தது, பால் வென்ட் ஆஃப் என்றால் கெட்டுப்போனது. விளக்கு ஒன்றுதான் சொன்ன பேச்சைக் கேட்டு அணைகிறது.

ஆறுதலுக்குச் சாமுவேல் ஜான்சன் கிடைத்தார். 1755இல் வெளியான தன் ஆங்கில அகராதியின் முன்னுரையில், வினைச்சொல்லோடு ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டு பொருளையே மாற்றிவிடுவதுதான் அயலாருக்குப் பெரும் சிரமம் என்கிறார். கம் ஆஃப், பிரேக் ஆஃப், செட் ஆஃப் என்று ஒரு பட்டியலே போட்டிருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு கேன்டீனில் கொஞ்ச நாள் பண்டிதனாகத் திரிந்தேன்.

ஒடிசாவிலிருந்து வந்த டிரெய்னி பையன் அதற்கும் முடிவு கட்டினான். லைனில் யாரோ "சீக்கிரம் வந்து தொலைடா" என்று கத்த, ஓடிவந்தவன் என்னைக் கேட்டான்: "அண்ணா, நான் என்ன தொலைச்சேன்?"

"ஒண்ணும் தொலைக்கலப்பா. சும்மா பின்னாடி சேர்த்துக்கிறது."

"வந்துவிடுன்னா யாரை விடணும்? பார்த்துக்கொள்னா எதைக் கொள்ளணும்?"

ஜான்சன் கைகொடுக்கவில்லை. "அது அப்படித்தான்" என்றேன். 'தொலை' எரிச்சலில் சொல்வது என்ற முக்கியமான சங்கதி நினைவுக்கு வரவில்லை. பையன் மறுநாள் மேனேஜர் முன்னால் கைகட்டி நின்று, "சார், லீவு கொடுத்துத் தொலைங்க சார்" என்று பணிவாகக் கேட்டிருக்கிறான். தமிழ் சொல்லிக்கொடுத்தது யார் என்றும் பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.