டிக்கியில் ஒரு மருந்துக்கடை

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னையின் எந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனாலும், கார் நிறுத்துமிடத்தில் இவரைக் காணலாம். அரைக்கால் சட்டை, கம்பெனி விழாவில் இலவசமாகக் கிடைத்த டி-ஷர்ட், காலில் ரப்பர் செருப்பு. கார் ஒன்றும் பெரிய கார் இல்லை. ஏழு வருடத் தவணையில் எடுத்த சின்ன ஹேட்ச்பேக், தவணையில் பாதி இன்னும் பாக்கி. டிக்கியைத் திறந்தால்தான் ஆசாமி யாரென்று தெரியும். ஷாம்பு, வாக்ஸ், டேஷ்போர்டு பாலிஷ், டயர் பாலிஷ், கண்ணாடி துடைக்க ஒன்று, கண்ணாடியில் மழைநீர் நிற்காமலிருக்க ஒன்று, கீறலுக்கு ஒரு டியூப், அந்த டியூப் இடுக்குகளில் விட்டுப்போகும் வெள்ளையைச் சுரண்ட ஒரு பிரஷ். வழியில் பஞ்சர் ஆனால், ஸ்டெப்னியை எடுக்கும் முன் இந்த மருந்துக்கடை முழுவதையும் ரோட்டோரத்தில் இறக்கிவைத்தாக வேண்டும். இதற்காக இவரை ஊதாரி என்று சொல்லிவிட முடியாது. எல்லாமே ஆடித் தள்ளுபடியிலோ, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசத்திலோ, மூன்று சேர்ந்த காம்போவிலோ வந்தவை. இவர் சிக்கனக்காரர்தான், சிக்கனம் பிடிக்கிற இடம்தான் தலைகீழ். காரின் மேல் ஊற்றுவதில் தாராளம், காரைத் தேய்க்கிற துணியில் கஞ்சத்தனம். பெயிண்டைக் கெடுப்பதோ பெரும்பாலும் அந்தத் தேய்ப்புதான்.

இதற்குச் சாட்சி பெயிண்டுக்குள்ளேயே இருக்கிறது. இன்றைய கார்களில் தகட்டின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், அதற்கும் மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு. பளபளப்பு என்று நாம் பார்ப்பது இந்தக் கடைசிப் பூச்சைத்தான். அதன் கனம் சுமார் 40 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் பருமன்கூடப் பொதுவாக அதைவிட அதிகம். மெட்ரோ ரயில் வேலையிலிருந்தும், பக்கத்து மனையில் எழும்பும் கட்டடத்திலிருந்தும் பறந்து வந்து படிந்த மணல்தூசியை இதன்மேல் உலர்ந்த துணியால் தேய்த்தால் என்ன ஆகும்? மெல்லிய வட்டக் கோடுகள் விழும். நிழலில் தெரியாது; உச்சி வெயிலில் சிக்னலில் நிற்கும்போது பானெட் முழுக்கத் தெரியும். தெரிந்ததும் இவர் பாலிஷ் வாங்குகிறார். பாலிஷ் என்பது கோட்டைச் சுற்றியுள்ள பூச்சையும் சேர்த்து மழித்துச் சமப்படுத்துகிற வேலை. வாக்ஸ் என்பது மேலே படிந்து காக்கிற வேலை. ஒன்று எடுக்கும், இன்னொன்று கொடுக்கும். இரண்டு டப்பாவிலும் ‘ஷைன்’ என்று போட்டிருப்பதால் இவருக்கு இரண்டும் ஒன்றே. ஆகவே பொங்கலுக்கு ஒருமுறை, தீபாவளிக்கு ஒருமுறை கிளியர் கோட்டை மழித்து வருகிறார். மழித்தது மறுபடி முளைக்காது என்று எந்த டப்பாவிலும் எழுதியிருக்கவில்லை.

துணி விஷயத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். தொள்ளாயிரம் ரூபாய் வாக்ஸை இவர் எதால் பூசுகிறார்? பனியன் வேஸ்டால். ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் துடைக்கக் கிலோ கணக்கில் வாங்கிப் போடுவார்களே, அதே பனியன் வேஸ்ட். அதில் தையல் விளிம்பு இருக்கும், முடிச்சு இருக்கும், சில நேரம் கம்பெனி லேபிளே இருக்கும். மூன்றும் பெயிண்டின் மேல்தான் ஓடும். பாலியெஸ்டரும் பாலியமைடும் கலந்த நல்ல மைக்ரோஃபைபர் துணி தூசியைத் தன் இழைகளுக்குள் இழுத்துக்கொள்ளும். பெயிண்டின் மேல் போட்டு இழுக்காது. ஆனால் நாலு துணிக்கு ஐந்நூறு ரூபாய் என்றால், ‘துணிக்கா?’ என்கிறார். கடைசியில் வாங்கினாலும், வீட்டுத் துணிகளோடு சேர்த்து வாஷிங் மெஷினில் போட்டு, வாசனைக்காகக் கண்டிஷனரும் ஊற்றிவிடுகிறார். கண்டிஷனர் அந்த இழைகளின் மேல் படலமாகப் படிய, துணி தண்ணீரை உறிஞ்ச மறுக்கிறது. மைக்ரோஃபைபர் எல்லாம் சும்மா ஏமாற்று என்ற முடிவுக்கு வந்து, மனநிம்மதியோடு பனியன் வேஸ்டுக்கே திரும்புகிறார். துணியின் மேல் இவருக்கு ஏன் இந்த அலட்சியம் என்றால், துணிக்கு முகம் இல்லை. பாட்டிலில் சிவப்புக் கார் இருக்கிறது, அதன் மேல் ஒரு நட்சத்திரம் மின்னுகிறது, கீழே ‘நானோ’ என்று எழுதியிருக்கிறது.

இங்கே ஒரு பெரியவர் குறுக்கிடுவார். ‘எங்க காலத்துல அம்பாசிடரை மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சோம், சோப்புத் தூள் போட்டுக் கழுவினோம், என்ன குறைஞ்சு போச்சு?’ நியாயமான கேள்வி. பழைய அம்பாசிடரின் பெயிண்ட் வேறு ஜாதி. மேலே கிளியர் கோட் கிடையாது. கனமான எனாமல் ஒன்றே நிறமும் மினுக்கமும். வெயிலில் அது மாவு பூத்து மங்கும். காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் மங்கிய மேல்தோல் போய் உள்ளிருந்து புது நிறம் வரும். அந்தக் கைவைத்தியம் அந்த உடம்புக்குப் பொருந்தியது. அதையே இன்றைய பெயிண்டுக்குச் செய்ய முடியாது. பாத்திரம் கழுவும் திரவத்தால் காரைக் கழுவுவதும் இப்படிப் பொருந்தாத வைத்தியம்தான். எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்கென்றே செய்யப்பட்டது அது. போன ஞாயிறு பூசிய வாக்ஸும் அதன் கண்ணுக்குப் பிசுக்குதான். புதிதாக வாக்ஸ் போடும் முன் பழையதைக் களைய ஒருமுறை பயன்படுத்தலாம். வாராவாரம் அதில் கழுவி, மாதாமாதம் வாக்ஸ் வாங்குகிறவர் தன் பணத்தைத் தானே கழுவி விடுகிறார். தலைக்குப் போடும் ஷாம்பு சாஷே? சாஷே வியாபாரத்துக்குக் கடலூர் சின்னி கிருஷ்ணன் வித்திட்ட மாநிலத்தில் காருக்கும் அதைக் கிழித்து ஊற்றுவது இயல்பே. பெயிண்ட் உடனே உரிந்துவிடாது. ஆனால் கூந்தல் மென்மைக்காகச் சேர்த்த சரக்கு கண்ணாடியில் படிந்தால் வைப்பர் போகும் வழியெல்லாம் மங்கல்.

கார் ஷாம்பு விலை அதிகமாயிற்றே என்றால், பாட்டிலின் விலையைப் பார்க்காமல் பின்பக்கம் எவ்வளவு கலக்கச் சொல்லியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அரை லிட்டர் 300 ரூபாய், ஒரு வாளிக்கு 30 மில்லி என்று வைத்துக்கொண்டால் 16 தடவை கழுவலாம். ஒரு தடவைக்கு 19 ரூபாய்கூட ஆகாது. நம்மவர் மூடியால் அளப்பதில்லை, ‘குளுக் குளுக்’ என்று சத்தத்தால் அளக்கிறார். நுரை வாளிக்கு வெளியே வழிந்தால்தான் திருப்தி. ஷாம்புவின் முக்கிய வேலை மணலைப் பெயிண்டின் மேல் வழுக்கிக்கொண்டு போக வைப்பது. அதற்கு வாளி நிறைய நுரை தேவையில்லை, இரண்டாவது வாளிதான் தேவை. ஒன்றில் ஷாம்புத் தண்ணீர், இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். இரண்டாவது வாளி பெரும்பாலும் வீட்டுக் குளியலறையில் சும்மா கிடக்கிறது. செலவில்லாத யோசனை என்பதாலோ என்னவோ இவருக்கு இதில் நம்பிக்கை வருவதில்லை.

தண்ணீரிலும் ஒரு சிக்கனம் உண்டு. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரைக் கேனில் பிடித்துவந்து காரைக் கழுவுகிறார். நோக்கம் உயர்ந்தது, குடியிருப்புச் சங்கமே பாராட்டும். ஆனால் போர் தண்ணீரிலிருந்து இயந்திரம் ஒதுக்கிய உப்பெல்லாம் அந்தக் கேனில்தான் கூடியிருக்கிறது. வெயிலில் காய்ந்ததும் கறுப்புக் கார் முழுக்க வெள்ளைப் பொட்டுகள். உடனே பொட்டு நீக்கும் திரவம் ஒன்று டிக்கிக்குள் சேர்கிறது. தண்ணீரை வீணாக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டால், இல்லை: முதலில் சேறு கரைக்க அந்தத் தண்ணீரையே ஊற்றலாம், கடைசி அலசலுக்கு அரை வாளி நல்ல தண்ணீர், பிறகு நிழலில் நிறுத்தி உடனே ஒற்றி எடுத்தால் போதும். காக்கை எச்சத்துக்கும் இதே கதி. அது அமிலத்தன்மை உடையது, வெயிலில் கிளியர் கோட்டை அரிக்கும். ஈரத்துணியை ஐந்து நிமிடம் போட்டு ஊறவைத்து எடுத்தால் போய்விடும். இவரோ எச்சத்துக்கென்று தனி ஸ்பிரே தேடி ஆர்டர் போட்டுவிட்டு, மூன்று நாள் கழித்து அது வரும்வரை எச்சத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

இத்தனை தொல்லைக்கு ஒரேயடியாக செராமிக் கோட்டிங் போட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இருபதாயிரம், முப்பதாயிரம் கொடுக்க முடிந்தால் அது தண்ணீரை முத்துமுத்தாக உருட்டிவிடும், அழுக்கு எளிதில் ஒட்டாது; மறுக்கவில்லை. ஆனால் ‘9எச்’ என்று பெருமையாகச் சொல்கிற கடினத்தன்மை பென்சில் சோதனையில் அளந்தது. 9எச் பென்சிலால் கீறல் விழவில்லை என்பதற்கு மேல் அதற்கு அர்த்தமில்லை. மணல் பென்சிலைவிடக் கடினம். பனியன் வேஸ்ட் அங்கேயும் தன் கையெழுத்தைப் போடும். ஷோரூமில் வண்டி எடுக்கும்போது தலையில் கட்டுகிற ‘டெஃப்லான்’ பூச்சைப் பற்றி ஒன்று சொன்னால் போதும்: தோசைக்கல்லில் அதை ஒட்டவைக்க 300 டிகிரிக்கு மேல் சூடாக்குகிறார்கள். எந்த ஷோரூமும் உங்கள் காரை அடுப்பில் ஏற்றியதாகத் தெரியவில்லை.

‘மனுஷன் வாரத்துக்கு ஒரு நாள் சந்தோஷமாக ஒரு வேலை செய்கிறார், அதையும் கணக்குப் பார்க்க வேண்டுமா?’ என்பது கடைசி ஆட்சேபம், இதுதான் வலுவானதும்கூட. பாட்டில் வாங்குவது அவருடைய பொழுதுபோக்கு என்றால் யாருக்கும் நஷ்டமில்லை, சில இடங்களைத் தவிர. டேஷ்போர்டைப் பளபளவென்று ஆக்கிவிட்டு மதிய வெயிலில் ஓட்டினால் அதன் பிரதிபலிப்பு முன்கண்ணாடியை மறைக்கும். கையோடு கையாக அந்த பாலிஷையே ஸ்டீயரிங்கிலும் பிரேக் பெடலிலும் தடவி, மிச்சமிருந்த டயர் பாலிஷை ஸ்கூட்டர் டயருக்கும் போட்டுவிடுவார். கையோ காலோ டயரோ வழுக்கினால் அது சிரிக்கிற விஷயமில்லை. மற்றபடி அவர் பாட்டுக்கு இருக்கட்டும். ஆயுத பூஜை வந்தால் பாருங்கள். வாக்ஸ் போட்டு முடித்த பானெட்டின் மேல் மனைவி மஞ்சளும் சந்தனமும் குங்குமமும் குழைத்துப் பெரிய பொட்டாக வைப்பார். இவரால் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, பார்த்துக்கொண்டு நிற்கவும் முடியாது. மறுநாளே கார் சாமான் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போய் மஞ்சள் கறைக்கென்று தனியாக ஏதாவது உண்டா என்று விசாரிப்பார். கடைக்காரர் இல்லையென்று சொல்லமாட்டார். நம்மவர் அதைத் தடவிவிட்டு வண்டியை மொட்டை வெயிலில் நிறுத்துவார். மஞ்சளின் நிறம் வெயில் பட்டால் தானே வெளுக்கும். மூன்றாம் நாள் கறை இருக்காது, அந்த பாட்டிலுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு விமர்சனமும் எழுதியிருப்பார்.