வேளச்சேரி வழியாக ஒரு குத்து

நேராகக் குத்தச் சொன்னால் என் கை வளைந்து போகும். வளைத்துச் சுழற்றச் சொன்னால் விறைத்துக்கொண்டு நேராக நிற்கும். நாற்பது தாண்டியபின் கராத்தேயிலும், அது போதாதென்று சிலம்பத்திலும் சேர்ந்து நான் அடைந்த தேர்ச்சி இவ்வளவுதான்.

கராத்தே வகுப்பில் என்னோடு வெள்ளை பெல்ட் கட்டியவர்கள் ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். அவர்களுக்கு நான் அங்கிள். முதல் பாடம் நேர்க்குத்து. இடுப்போரம் மல்லாந்திருக்கும் முஷ்டி, முழங்கை விலாவை உரசக் கிளம்பி, முடியும் இடத்தில் புரண்டு, எதிராளியின் நெஞ்சுக்கு நேர்கோட்டில் போகவேண்டும். அதே வேகத்தில் மற்றக் கை இடுப்புக்குத் திரும்பவேண்டும். கேட்க எளிதுதான். ஆனால் என் முழங்கை விலாவை விட்டு வெளியே வந்து ஊர்வலம் போனது. மாஸ்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சார், மயிலாப்பூர்ல இருந்து ராயப்பேட்டைக்கு வேளச்சேரி வழியாப் போறீங்க.”

கணக்கும் அவர் பக்கம்தான். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அரைவட்டமாகப் போனால், நேர்வழியைப்போல 1.57 மடங்கு தூரம். அந்த உபரித் தூரம் முழுக்க, ‘ஐயா, குத்து வந்துகொண்டிருக்கிறது’ என்று எதிராளிக்கு நான் அனுப்பும் முன்னறிவிப்பு.

இதற்கு வைத்தியம் சுவர். வலப்பக்கம் சுவரை ஒட்டி நின்று வலக்கையால் குத்தவேண்டும். முழங்கை விலகினால் இடிக்கும். இடித்தது. சுண்ணாம்பு என் முழங்கைக்கு வந்தது, என் தோல் சுவருக்குப் போனது. வீட்டில் மனைவி, “எங்க விழுந்தீங்க?” என்று கேட்டாள். படிக்கட்டில் என்று சொல்லிவிட்டேன். சுவரோடு சண்டை போட்டுத் தோற்றேன் என்பதைவிட அது கௌரவமாக இருந்தது.

சரி, வளைவுதான் நம் பிறவிக்குணம் போலும், அதையே பிழைப்பாக வைத்துக்கொள்வோம் என்று மவாஷி கெரியில் நம்பிக்கை வைத்தேன். இடுப்பைத் திருப்பிப் பக்கவாட்டிலிருந்து வளைத்து வீசும் உதை அது. குமித்தேயில், அதாவது ஜோடி சேர்ந்து மோதும் பயிற்சியில், எதிரே நின்றது பிரவுன் பெல்ட் கட்டிய ஓர் ஒன்பதாம் வகுப்புப் பெண். நான் தோளைப் பின்னுக்கு இழுத்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. விலகுவாள் என்று நினைத்தேன். அவளோ நேராக ஓரடி உள்ளே வந்தாள். வளைந்து வரும் காலின் வேகமெல்லாம் பாதத்தில்தான் இருக்கிறது. தொடையருகே சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. அவள் வந்து நின்றது தொடையருகே. ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டிருந்த என் வயிற்றில் அவள் முஷ்டி பட்டும் படாமலும் நின்றது. “சாரி அங்கிள்” என்றாள். குத்தியிருக்கலாம்.

சிலம்பத்துக்குப் போனது இந்தக் கடுப்பில்தான். கம்பு சுற்றுகிற கலையில் நேர்கோட்டுக்கு வேலை இருக்காது என்று நம்பினேன். எம்.ஜி.ஆர் படம் பார்த்து வந்த ஞானம். வாத்தியார் முதல் வாரத்திலேயே அதைக் கலைத்தார்: வெட்டு, வீச்சு மட்டுமல்ல, சிலம்பத்தில் குத்தும் உண்டு. ஆனால் அதற்குமுன் கம்பு சுழலவேண்டும். விரல்கள் தளர்ந்து மணிக்கட்டு திரும்பினால் அது சுழலும். நான் பிடித்த பிடியில் மூங்கிலே மூச்சுத் திணறியிருக்கும். “கம்பு எங்கயும் ஓடிப்போகாது சார், கொஞ்சம் விட்டுப் பிடிங்க” என்றார். விட்டேன். ஓடிப்போனது. பக்கத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தவர் நல்ல மனிதர், எடுத்துக் கொடுத்தார்.

ஒன்றரை மீட்டர் கம்பை நடுவில் பிடித்து நொடிக்கு இரண்டு சுற்று சுற்றினால், நுனி நொடிக்கு 9 மீட்டருக்கு மேல் பறக்கிறது. கடைக்கோடியைப் பிடித்து அதே சுழற்சியைக் கொடுத்தால் அது இரட்டிப்பாகும். இந்தக் கணக்கை என் கணுக்கால் எனக்கு முன்பே போட்டுவிட்டது.

கரி தடவிய கம்புகளோடு ஒருநாள் ஜோடி சேர்த்து விட்டார்கள். எவன் உடம்பில் கரி அதிகமோ அவன் தோற்றான். எனக்கு வாய்த்தவன் பிளஸ் டூ பையன். அவன் கம்பு சுற்றுவதைப் பார்த்ததும் படித்ததெல்லாம் மறந்து, கராத்தே ஞாபகத்தில் கம்பை நேராக நீட்டிப் பாய்ந்தேன். அவன் காலை மட்டும் மாற்றிப் பக்கவாட்டில் நகர்ந்தான். என் கம்பு காலி மைதானத்தைக் குத்தியது. அவன் நுனி ஒரு சுற்று வந்து என் தோளில் பொட்டு வைத்தது. முதுகிலும் வைத்ததாகச் சட்டை துவைக்கும்போதுதான் தெரிந்தது.

இரண்டு இடத்திலும் எனக்குத் தகராறு ஒரே இடத்தில்தான் என்று புரிய நாளாயிற்று. தோள் கல்லாக இறுகியிருக்கும், இடுப்பு தூங்கும். இது புரிந்தது மைதானத்தில்கூட அல்ல, ஜேம்ஸ் வாட்டைப் பற்றிப் படிக்கும்போது. நீராவி இயந்திரத்தில் உத்தரத்தின் முனை வில்லாக வளைந்து ஏறி இறங்கும். பிஸ்டன் தண்டோ நேராக ஏறி இறங்கவேண்டும். கீல்களில் திரும்பும் சட்டங்களைக் கோத்து ஏறக்குறைய நேர்கோட்டை வரவழைத்தார் வாட். 1784-இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். தன் கண்டுபிடிப்புகளிலேயே இதைப் பற்றித்தான் அவருக்குப் பெருமை அதிகம். நம் கையும் அந்த ஜாதிதான். தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் திரும்பத்தான் தெரிந்தவை; மூன்றும் அளவாகத் திரும்பினால் முஷ்டி நேராகப் போகும். நான் நேராகக் குத்தவேண்டும் என்ற வைராக்கியத்தில் எதையும் திரும்பவிடாமல் பூட்டி வைத்திருந்தேன். முழங்கை கிடைத்த சந்தில் வெளியேறியது.

போதாக்குறைக்கு, நாங்கள் பயின்ற கராத்தே, மியாகி சோஜூன் ஒக்கினாவாவில் வளர்த்தெடுத்த கோஜூ-ரியூ பாணி. அதன் அடிப்படைக் கட்டாவான (தனியாகச் செய்யும் அசைவு வரிசையான) சான்சினில், முன்னே வைக்கும் காலே பிறைநிலா போல உள்வளைந்துதான் போகும். மாஸ்டர் இதை எத்தனையோ முறை செய்து காட்டியிருக்கிறார். நான் அப்போதெல்லாம் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தனை ஞானத்துடன் சென்ற வாரம் கண்ணாடி முன்னால் ஒரு மவாஷி கெரி வீசினேன். இடுப்பு பாதியில் நின்றுவிட்டது. கால் நேராகவும் போகாமல் வளையவும் இல்லாமல் எங்கோ போய் இறங்கியது. பக்கத்தில் நின்ற பொடியன், “அங்கிள், இது என்ன கிக்?” என்றான். பழைய ஒக்கினாவா ஸ்டைல் என்றேன். நம்பிவிட்டான். நம்பியதோடு நிற்காமல், அதைத் தனக்கும் சொல்லிக் கொடுக்கும்படி மாஸ்டரிடம் போய்க் கேட்டும் விட்டான்.