வாத்தியாரே, கத்திரியைக் கீழ வையும்

வே வாத்தியாரே, பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்குப் பாவைக்கூத்து சொல்லிக்கொடுக்கப் போறீராமே! நல்ல காரியம்வே. அது என்ன கையில, கட்டுத் தாளு? வசனமா? தலைப்பு ‘நெகிழி ஒழிப்பில் மாணவர் பங்கு’. ஆகா! பத்து நாள் ராமாயணத்தில கும்பகர்ணன் ஒருத்தன்தான் தூங்குவான். உம்ம கூத்தில ஊரே தூங்கும். கொசுவத்திக்கு ஏற்பாடு பண்ணிட்டீரா?

தாளை மடிச்சுச் சட்டைப்பையில வையும். பாவை செய்ய ஆட்டுத்தோலைத் தேடியும் அலையாதேயும். அதை ஊறவச்சு, மயிரைச் சுரண்டி, வெளிச்சம் ஊடுருவுற அளவுக்கு மெலிசாக்கி முடிக்கதுக்குள்ள உமக்கு மாறுதல் உத்தரவு வந்திரும். பிள்ளையள வீட்டில கிடக்கிற பழைய கல்யாணப் பத்திரிகையைக் கொண்டாரச் சொல்லும். மாப்பிள்ளை வீட்டுப் பவுசு அட்டைக் கனத்தில தெரியும். நல்ல கனமாப் பாத்து ராவணனுக்கு எடுத்துக்கிடும். விளக்குமாத்து ஈர்க்கை நாலஞ்சு சேத்துக் கட்டினாப் பிடி ஆச்சு. தோள்லயும் முழங்கையிலயும் ஓட்டை போட்டு நூல் முடிச்சுப் போட்டாக் கை வீசும். முகம் பக்கவாட்டில இருக்கட்டும். நேர்முகம் வெட்டினா நிழல்ல ராமனும் பூசணிக்காயும் ஒண்ணுதான். கண்ணுக்கு ஓட்டை, நகைக்கு ஊசிக்குத்து.

கத்திரியை மட்டும் நீரு தொடாதேயும். பிள்ளை வெட்டினா மூக்கு கோணும். கோணட்டுமே. கோணமூக்கனுக்கு ஒரு குரல் தானா வரும்.

திரைக்கு உம்ம வெள்ளை வேட்டி போதும். கரை போட்டது வேண்டாம், எந்தக் கட்சின்னு கேப்பான். டியூப்லைட் ஆகாது, நீள வெளிச்சத்தில நிழல் கலங்கிப்போகும். ஒத்தை பல்பு, இல்லன்னா செல்போன் டார்ச். பாவை துணியை ஒட்டி நின்னா நிழல் துல்லியம். விளக்குப் பக்கம் இழுத்தாப் பெருத்து மங்கும். இதைக் கரும்பலகையில வரைஞ்சு கெடுத்திராதேயும். அனுமாரை விசுவரூபம் எடுக்கச் சொன்னா பிள்ளையளே கண்டுபிடிச்சிரும்.

இப்பதான் விசயத்துக்கு வாறேன். கன்னியாகுமரிப் பக்கத்துக் கூத்துக்காரங்க வீட்டில மராத்தி பேசுறவங்க. திரைக்குப் பின்னால உக்காந்துட்டா, ஒத்த ஆளே அத்தனை பாவைக்கும் தமிழ்ல குரல் மாத்திப் பேசுவாரு. ராமன் காட்டுக்குப் போனாலும் சரி, நல்லதங்காள் கிணத்துக்குப் போனாலும் சரி, நடுவில உச்சிக்குடும்பன், உளுவத்தலையன்னு ரெண்டு கோமாளி வந்து ஊர்க்கதை பேசி அடிச்சுக்கிடுவானுவ. சனம் காத்துக்கிடந்தது அந்த ரெண்டு பேருக்குத்தான்வே.

உம்ம பிள்ளையளும் ரெண்டு கோமாளி செய்யட்டும். வகுப்பில வாயே திறக்காத பிள்ளை ஒண்ணு இருக்குமே, அது கையில ஒரு குச்சியைக் குடும். முகம் தெரியாதுன்னா அது பேசுற பேச்சு இருக்கே! சத்துணவுச் சாம்பார், தண்ணி வராத குழாய், பூட்டியே கிடக்கிற கக்கூசு, எல்லாம் வெளிய வரும். அப்புறம் கண்ணாடியும் தொப்பையுமா, கையில செல்போனோட ஒரு வாத்தியார் பாவையும் வரும். உளுவத்தலையன் அதை மிதிப்பான். அது ஆருன்னு கேக்காதேயும். தலைமையாசிரியரை முன்வரிசையில இருத்தி, நீரும் பக்கத்தில உக்காந்து வாய்விட்டுச் சிரியும்.