தலை மட்டும் மிச்சம்

சான்டியேகோவில் லா ஹோயா ஷோர்ஸ் கடற்கரைக்கு விடிவதற்குள் போனால் அவரைப் பார்க்கலாம். வண்டியின் மேல் கட்டிவந்த கயாக் படகை இறக்கிக்கொண்டிருப்பார். வயது நாற்பதும் இருக்கலாம், அறுபதும் இருக்கலாம். தொப்பி பழசு, கயாக் புதுசு. காலால் மிதித்தால் ஓடுவது. மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று காட்ட ஒரு திரை, தூண்டில் கம்புகளைச் செருக நாலு குழல், இரைக்கான கானாங்கெளுத்தி உயிரோடு நீந்த ஒரு குட்டித் தொட்டி, அதற்கொரு பம்பு. எல்லாம் சேர்த்து நாலாயிரம் டாலர் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். அது பாதிக் கணக்கு. மார்க்கெட்டில் மீன் கிலோ என்ன விலை என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள்.

"இன்னைக்கு எப்படி?" என்று கேட்டால் காற்றைப் பற்றியோ அலையைப் பற்றியோ பேச மாட்டார். கோவ் என்கிற குட்டிக் குடாவின் பாறைகள் பக்கம் காதைத் திருப்பி, "கத்துறானுங்க, கேக்குதா?" என்பார்.

கத்துவது கடல்சிங்கங்கள். சீல் வேறு, கடல்சிங்கம் வேறு என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடல்சிங்கத்துக்குக் குட்டியாகக் காது மடல் உண்டு. பின்துடுப்பை முன்னுக்கு மடக்கிப் பாறைமேல் நடக்கும். ஓயாமல் குரைக்கும். ஆண் என்றால் 350 கிலோவரை போகும். சீலுக்குக் காது இருக்குமிடத்தில் வெறும் துளைதான். தரையில் வயிற்றை உந்தி உந்தி நகரும். அதிகம் சத்தம் போடாது. நம் கணக்கில் சொன்னால், முன்னது பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்கு வந்து முதல் பந்தியில் உட்கார்ந்து "அப்பளம் எங்கப்பா?" என்று அதட்டுகிற ஆள். பின்னது சமையற்கட்டு வாசலில் நின்று கண்ணாலேயே கேட்கிற ஆள். பசி இரண்டுக்கும் ஒன்றுதான்.

அந்தச் சாதுவான சீல்கூட லேசுப்பட்டதில்லை என்பதற்கு அவர் கைகாட்டும் இடம் பக்கத்திலேயே இருக்கிறது. குழந்தைகள் பயமில்லாமல் குளிக்கட்டும் என்று 1931இல் அலையைத் தடுத்துச் சுவர் எழுப்பினார்கள். பெயரே 'குழந்தைகள் குளம்'. 1990களில் சீல்கள் வந்து படுத்தன, எழுந்திருக்கவில்லை. இப்போது டிசம்பர் நடுவிலிருந்து மே நடுவரை, அவை குட்டி போடும் காலம் என்று, அந்த மணலில் மனிதர் கால் வைக்கவே தடை. "பட்டா மட்டும்தான் பாக்கி" என்பார் கயாக்காரர்.

சட்டம் அவர் வாயில் மனப்பாடம். 1972இல் வந்த கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம். அடிக்கக்கூடாது, தொல்லை தரக்கூடாது, தீனி போடக்கூடாது. குறைந்தது 50 கஜம் தள்ளி நில்லுங்கள் என்கிறது வழிகாட்டி நெறி. பிடித்த மீனைக் காப்பாற்றக் காயம்படாமல் விரட்டலாம், அவ்வளவுதான். 1975இல் 90,000 பக்கம் இருந்த கலிஃபோர்னியாக் கடல்சிங்கங்கள் 2014இல் இரண்டரை லட்சத்தைத் தாண்டியிருந்தன. சட்டம் நல்ல சட்டம்தான் என்று அவரே ஒப்புக்கொள்வார், தூண்டில் தண்ணீருக்குள் இல்லாத நேரங்களில்.

ஒருநாள் இரவல் கயாக் ஒன்றில் அவர் பின்னால் போனேன். முதலில் மீன் காப்பகத்தைக் கடக்க வேண்டும். அங்கே நாம் தூண்டில் போட்டால் அபராதம். எங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு கடல்சிங்கம் லைசென்ஸ் இல்லாமல் பசியாறிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

கெல்ப் என்கிற கடற்பாசிக் காட்டின் ஓரத்தில் அவருடைய கம்பு வளைந்தது. ரீல் கிர்ர்ரென்று அலறியது. யெல்லோடெயில்! நம்மூர்ப் பாரைக்குப் பங்காளி. மனிதர் பத்து வயது குறைந்து உட்கார்ந்திருந்தார். நரம்பைச் சுற்றுவார், விடுவார், சுற்றுவார். திடீரென்று இழுப்பின் தினுசு மாறியது. அதுவரை துடித்தது மீன். இப்போது லாரியில் கயிறு மாட்டிக்கொண்ட மாதிரி நிதானமாக, கனமாகப் போனது. அவர் சுற்றுவதை நிறுத்திவிட்டார். இருபதடி தள்ளி மீசையோடு வழவழவென்று ஒரு தலை எழும்பியது. வாயில் மீன். ஈரத்துணியை உதறுகிற மாதிரி இடமும் வலமும் ஓர் உதறு. வயிற்றுப் பக்கம் போய்விட்டது. மிச்சத்தை மேலே எறிந்து பிடித்து இன்னொரு வாய். பிறகு எங்களைப் பார்த்தது. குற்ற உணர்ச்சியைத் தேடினேன், காணோம். அடுத்தது எப்போது வரும் என்கிற பார்வை அது.

அவர் துடுப்பால் தண்ணீரை அறைந்தார். இன்னும் இரண்டு தலைகள் எழும்பின. சாப்பாட்டு மணி அடித்த மாதிரி ஆகிவிட்டது.

சுற்றி இழுத்ததில் வந்தது தலை. கொக்கி உதட்டில் இருந்தது. கண்ணில் இன்னும் பளபளப்பு போகவில்லை. செவுளுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. இங்குள்ள மீன்பிடிக்காரர்கள் இதை 'வரி' என்பார்கள். வரி என்றால் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இங்கே மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு ரசீது கொடுக்கிறார்கள்.

கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகுதான். ரசீதைத் தூக்கி எறிவார் என்று பார்த்தேன். மடியில் வைத்து அளவு நாடாவை விரித்துப் படம் எடுத்தார். "தலையே இவ்வளவு. முழுசா இருந்தா பதினைஞ்சு பவுண்டு." கரைக்கு வரும்போது அது இருபதாகியிருந்தது. வண்டியில் கயாக்கைக் கட்டும்போது இருபத்தைந்து. அவர் வீட்டுக்குக் கொண்டுபோன மீன் எதுவும் பத்தைத் தாண்டியதில்லை. கடல்சிங்கம் தின்ற மீன்களோ, சாப்பிட்ட பிறகும் வளர்கின்றன.

விரட்டும் வித்தைகளும் அவருக்கு அத்துப்படி. ஆரிகன் மாநிலத்தில் அஸ்டோரியா துறைமுகத்துக்குக் கடல்சிங்கங்களை மிரட்ட 2015இல் பத்து மீட்டர் நீள ஓர்காத் திமிங்கிலப் பொம்மை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மோட்டார் எல்லாம் வைத்தது. அது தண்ணீரில் கவிழ்ந்ததுதான் மிச்சம். அந்தக் கதையை அவரே விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு சொன்னார். அவர் கயாக்கின் அடியில் ஓர்கா ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதைப் பிறகுதான் பார்த்தேன். அதே ஆண்டு சான்டியேகோவின் மிஷன் பேயில், பிடித்த யெல்லோடெயிலைத் தூக்கிக் காட்டிப் போட்டோவுக்கு நின்றவரை ஒரு கடல்சிங்கம் பாய்ந்து மீனோடு சேர்த்துத் தண்ணீருக்குள் இழுத்துப் போனது. "மீனை எப்பவும் தூக்கிக் காட்டக்கூடாது, உடனே பைக்குள்ள போட்டுடணும்" என்றார். அவருடைய பை மடிப்புக் கலையாமல் இருந்தது.

போன மாதம் மறுபடி போனோம். கடல் கண்ணாடி மாதிரி. ஐந்து மணி நேரத்தில் ஒரு கடி இல்லை. அதைவிட ஆச்சரியம், ஒரு கடல்சிங்கமும் இல்லை. ஒன்பது மணிக்கு மேல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. திரையைத் தட்டினார். இரையை மாற்றினார். கோவ் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். திரும்பி வரும்போது பேச்சே இல்லை. கரையில் இன்னொரு கயாக்காரர் நின்றுகொண்டு, "ஏதாவது மாட்டுச்சா?" என்றார்.

இவர் வாயைத் திறந்தார், மூடினார், கடலைப் பார்த்தார். அலைகளுக்கு அப்பால் வழவழவென்று ஒரு கறுப்புத் தலை எழும்பியது. அவர் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது.

"அதோ! காலையிலேர்ந்து இவன்தான் விடவே மாட்டேங்கறான்!"

அந்தத் தலை நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எங்களைப் பார்த்துக் கையசைத்தது.