நிதானமாக முண்டியடிப்போர் கவனத்துக்கு

ஸ்காட்லாந்தின் வடகோடியில் ஆடுகள் நடந்துகொண்டிருந்த கடலோரச் சாலைகளைக் கோத்து, 2015-இல் 'நார்த் கோஸ்ட் 500' என்று பெயர் வைத்தார்கள். இன்வர்னஸ் கோட்டையில் கிளம்பி அங்கேயே திரும்ப 516 மைல். அவசரப்படாமல் ரசிக்க வேண்டிய பாதை என்றதும் ஊர் உலகமெல்லாம் வாடகை வேன் எடுத்துக்கொண்டு அவசரமாகப் புறப்பட்டுவிட்டது.

சாலை பல இடங்களில் ஒற்றைத் தடம்தான். எதிரே வண்டி வந்தால் ஒருவர் ஒதுங்குமிடத்தில் நின்று வழிவிட வேண்டும். மற்றவர் கையைத் தூக்கி நன்றி சொல்ல வேண்டும். பிரசார ஜீப்பில் நிற்கும் வேட்பாளரைப் போல மதியத்துக்குள் தோள்பட்டை கழன்றுவிடும், ஓட்டுதான் விழாது. அந்த ஒதுங்குமிடத்திலேயே வேனை நிறுத்தி, அடுப்பு மூட்டி, டீ போடும் மகானுபாவர்களும் உண்டு. ஆடுகள் மட்டும் யாருக்கும் வழிவிடுவதில்லை. அவை உள்ளூர்க்காரர்கள்.

வழியில் ஆப்பிள்கிராஸ் கிராமத்துக்கு 626 மீட்டர் உயரம் ஏறிப் போகும் பியலாக் நா பா மலைப்பாதையில் கொண்டையூசி வளைவுகள். மிகப் பெரிய வண்டிகளுக்கு ஏற்றதல்ல என்று அடிவாரத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள். பலகையோடு படம் எடுத்துக்கொண்டுதான் மேலே ஏறுகிறார்கள்.

வடமுனையைத் தொட்டுவிட்ட பெருமிதத்தில் ஜான் ஓ'குரோட்ஸ் ஊரின் வழிகாட்டிக் கம்பத்தடியில் நிற்கிறார்கள். பிரிட்டன் பெருநிலத்தின் நிஜ வடமுனை, மேற்கே இருக்கும் டன்னெட் ஹெட். அங்கே 1831-இல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. பெயர் பெற்ற கம்பம் இல்லையே!

போகிறவர்கள் போய் வாருங்கள். ஒதுங்குமிடத்தை மட்டும் காலியாக விடுங்கள். பின்னால் வருவது ஆம்புலன்ஸாக இருக்கலாம்.